சாட்சி நேரத்தில் இடமில்லாதவர்கள்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகளில், கடவுள் தங்களுக்குச் செய்ததை விசுவாசிகள் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தைப் பற்றி ஒரு குறை சொன்னால் போதும், உடனே பதில் வந்துவிடும்: "ஏழைக்கு இருக்கிற ஒரே பிடிமானம் விசுவாசம், அதிலும் கை வைக்காதீர்கள்." சபைப் பக்கமே போகாத நண்பர்கள்கூட இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பிடிமானம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று அவர்கள் ஒரு ஞாயிறாவது போய்ப் பார்த்திருக்கலாம்.

அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்தபின் நெல்லை, தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த பல குடும்பங்களுக்குச் சபைதான் உறவு. பிரசவத்துக்கு உதவி, ஆஸ்பத்திரியில் இரவுத் துணை, பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று எல்லாம் அங்கிருந்துதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வாய் திறக்காத பெண், நூறு பேர் முன் மைக் பிடித்துத் தன் கதையைச் சொல்வதும் சின்ன விஷயமில்லை. இதிலெல்லாம் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

என் மறுப்பு அந்தக் கதை சொல்லப்படும் விதத்தில். கஷ்டம் வந்தது, உபவாசமிருந்தோம், விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைக்காதவர் எதைச் சொல்வார்? அவருக்கு மைக் வராது. வந்தாலும், "கர்த்தர் செய்வார் என்று விசுவாசிக்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு உட்கார வேண்டும்.

திருமுல்லைவாயில் பக்கம் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு சபை. சர்க்கரையால் காலில் ஆறாத புண்ணோடு ஓர் அம்மா அங்கே வந்துகொண்டிருந்தார். முதலில் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லி மன்றாடினார்கள். புண் ஆறவில்லை. மாதங்கள் போகப்போக விசாரிப்பின் தொனி மாறிவிட்டது. "யார் மேலயாவது கசப்பு இருக்காம்மா? அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது?" சகோதரிகள் அன்போடுதான் கேட்டார்கள். அந்த அம்மா இன்சுலின் போட்டுக்கொள்வதையே மறைக்க ஆரம்பித்தார். சாட்சி நேரம் வந்தால் செருப்பு கிடக்கும் படிக்கட்டோரம் நகர்ந்துவிடுவார்.

புண்ணோடு பழியையும் சேர்த்துச் சுமக்க வைப்பதற்குப் பெயர் தாங்குவதா? வேதாகமத்தில், துன்பப்பட்ட யோபுவிடம் பாவத்தைத் தேடிய நண்பர்கள் செய்த வேலை இது. கடவுளின் கோபம் கடைசியில் மூண்டது அந்த நண்பர்கள் மேல்தான். பவுல் மூன்று முறை வேண்டியும் அவர் உடம்பின் முள் போகவில்லை. 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதலும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. இத்தனையும் உள்ள வேதாகமத்தை வாராவாரம் கையில் எடுத்துவருகிறவர்கள், அழுகையை மட்டும் வாசலிலேயே விட்டுவரச் சொல்கிறார்கள்.

நெல்லைக்காரர்களுக்கு டோனாவூரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ஊழியம் செய்த மிஷனரி எமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951-ல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்து நோயாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நலமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல்கள் ஏன் நெஞ்சில் தைப்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைத் தாங்கிய விசுவாசம் எழுந்து நடந்து தன்னை நிரூபிக்கவில்லை. இந்த அம்மாவின் விசுவாசத்திடம் மட்டும் ஏன் ஆறிய காலைக் காட்டு என்கிறோம்?

குணமாக்கும் ஊழியத்தால் தமிழகமெங்கும் அறியப்பட்ட டி.ஜி.எஸ். தினகரனே நெடுநாள் உடல்நலக் குறைவுக்குப் பின் 2008-ல் மருத்துவமனையில்தான் இறந்தார். அதை விசுவாசக் குறைவு என்று சபைகளில் பேசுவதில்லை. பேசவும் கூடாது. மேடையில் நின்றவருக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைப் படிக்கட்டோரம் உட்கார்ந்தவருக்கு மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மாவின் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டவர் அடுத்த வரிசையில் இருந்த சகோதரி. அவரைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனதும் சபைப் பிள்ளைகள்தான். விசுவாசம் ஒரு மனுஷியைத் தாங்கியது அங்கேதான். ஆனால் அது ஒருநாளும் சாட்சியாக மைக்கில் ஏறவில்லை. அற்புதம் நடக்கவில்லை அல்லவா!

ஆறாத புண்ணைப் பற்றிப் பேச விட்டால் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது ஊழியர்கள் சிலரின் பயம். புதிதாகப் படியேறி வருகிறவர்களில் பலர் நோயோடும் கடனோடும்தான் வருகிறார்கள். ஒரு வருஷம் கழித்தும் அதே நோய், அதே கடன் என்றால், அவர்களை எந்த வரிசையில் உட்காரவைப்பதாக உத்தேசம்?