மானிடவியலின் பயன்: பழவேற்காட்டுப் பாடு முறையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மானிடவியல் என்பது மனிதரின் தொழில், உறவுமுறை, வழக்கம், நம்பிக்கை ஆகியவற்றை அவர்களிடையே தங்கி ஆராயும் துறை ஆகும். பழங்குடிகளை மட்டும் ஆராயும், நடைமுறைக்கு உதவாத படிப்பு என்ற எண்ணம் மாணவரிடையே உண்டு. அது சரியா என்பதைக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு மீனவர் குப்பங்களைக் கொண்டு பார்க்கலாம்.

பாடு முறை

பழவேற்காடு ஏரி வரைபடத்தில் வெறும் நீர்ப்பரப்பு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவருக்கோ, அதில் இறால் கிடைக்கும் இடங்கள் முறைவைத்துப் பகிரப்படும் இடங்கள். யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. இதுவே 'பாடு'. பொதுவளம் பொறுப்பாரின்றி அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். அவருடைய வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்குப் பாடு ஒரு சான்று. ஊரில் தங்கிக் கேட்டவர்களுக்கே இத்தகைய விதிகள் தெரியவரும்.

துறையின் குறைகள்

மானிடவியலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து வகைப்படுத்தினார். மரபை அளவுக்கு மீறிப் புகழ்வது மற்றொரு குறை. பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களின் தலைக்கட்டுக்கு உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதில் இல்லை, பெண்களும் இல்லை. இதைச் சொல்லாமல் பாடு முறையைப் பாராட்டுவது பாதி உண்மையே.

இன்றைய தேவை

காட்டுப்பள்ளியில் 2013 முதல் துறைமுகம் இயங்குகிறது. அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். இத்தகைய திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. கணக்கெடுப்பில் வீடு, படகு, வலை ஆகியவற்றை எண்ணிவிடலாம். சீட்டில் கிடைத்த முறைக்குப் பட்டா கிடையாது. முகத்துவாரமும் நீரோட்டமும் மாறி இறால் வரத்துக் குறைந்தால், அந்த இழப்பைக் காட்ட மீனவரிடம் ஆவணமும் இருக்காது.

அந்த உரிமைகளையும், அவற்றில் இடம்பெறாதவர்களின் பிழைப்பையும் சேர்த்துப் பதிவு செய்வதே இங்கு மானிடவியலின் பயன். அந்தப் பதிவு தமிழில் எழுதப்பட்டு, ஊராரிடம் காட்டித் திருத்தப்பட்டு, அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்கள் அதை எடுத்துக்காட்ட முடியாவிட்டால், ஆய்வாளருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். ஊருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.