லாடக் காந்தத்தோடு நின்றுபோன பாடம்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்த எவரையும் மின்னியற்றியின் படம் வரையச் சொல்லுங்கள். எதிரெதிரே இரண்டு காந்த முனைகள், நடுவே செவ்வகக் கம்பிச்சுருள், அதன் முனைகளில் இரண்டு வளையங்கள், வளையங்களைத் தொட்டபடி இரண்டு தூரிகைகள், பக்கத்தில் ஒரு சைன் வளைகோடு. மதிப்பெண் உறுதி. மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் வரைந்தேன். ஆசிரியனான பின்பும் கரும்பலகையில் அதையேதான் வரைந்து வந்தேன்.

இந்தப் படத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பெரியதொரு குறை இருக்கிறது. காந்த முனைகள் இரண்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்தக் காந்தம் எப்படி உண்டாகிறது, யார் அதைக் கூட்டிக் குறைக்கிறார்கள், அது இல்லாமற்போனால் என்ன ஆகும் என்று பாடம் கேட்பதில்லை. 'பெரிய மின்னியற்றிகளில் நேர்த்திசை மின்னோட்டத்தால் காந்தமாக்கப்படுகிறது' என்ற ஒரு வரியோடு பாடம் நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு மெக்கானிக்.

மாணவர்கள் முன்னே

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது எங்கள் கல்லூரி பல மாதங்கள் மூடிக்கிடந்தது. திறந்த பிறகு, செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மின்சாரம் நின்றது. டீசல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். எஞ்சின் சீராக ஓடியது. வோல்ட்மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. "நீங்கள் இயற்பியல்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னை அழைத்தார்கள். மாணவர்கள் சூழ்ந்து நின்றார்கள். சுருள் இருக்கிறது, சுழற்சி இருக்கிறது, கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. பாரடேயின் விதிப்படி மின்னழுத்தம் வந்தே ஆகவேண்டும். வரவில்லை. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தார். வயதில் மூத்தவர். "எத்தனை மாசமா ஓட்டாம வெச்சிருந்தீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து எக்ஸைட்டரின் புலச்சுருளுக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கழற்றினார். நேர், எதிர் முனைகளைக் கவனமாகப் பார்த்து, 12 வோல்ட் பேட்டரியை அந்தச் சுருளில் ஓரிரு நொடி தொட்டு எடுத்தார். ஒயர்களைத் திரும்ப மாட்டி ஓட்டச் சொன்னார். முள் ஏறி நின்றது.

"என்ன செய்தீர்கள் அண்ணே?" என்றேன். "காந்தம் செத்துப்போச்சு சார், உசுப்பிவிட்டேன்" என்றார். அருகில் நின்ற மாணவி கேட்டாள்: "சார், ஜெனரேட்டருக்குள் நிலைக்காந்தம் இல்லையா?" அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் நமது பாடம் சொல்லியிருக்க வேண்டும்.

காந்தம் வந்த வழி

பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டது 1831இல். மறு ஆண்டே பாரிசில் பிக்ஸி என்பவர் கையால் சுற்றும் மின்னியற்றி ஒன்றைச் செய்தார். அதில் இருந்தது உண்மையிலேயே ஒரு லாடக் காந்தம். நமது படம் ஏறக்குறைய அந்தக் காலத்தது.

நிலைக்காந்தத்தின் வலிமைக்கு எல்லை உண்டு. அதை நினைத்தபடி கூட்டவும் குறைக்கவும் முடியாது. 1860களில் இங்கிலாந்தின் ஹென்றி வைல்டு, சிறிய நிலைக்காந்த மின்னியற்றியின் மின்னோட்டத்தைப் பெரிய மின்னியற்றியின் மின்காந்தங்களுக்குச் செலுத்தினார். சிறியது பெரியதை எழுப்பியது. 1866ஆம் ஆண்டின் இறுதியிலும் 1867இன் தொடக்கத்திலும் வெர்னர் சீமென்ஸ், வீட்ஸ்டன், வார்லி ஆகிய மூவரும் தனித்தனியே இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மின்காந்தத்தின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தமே தொடக்கத்துக்குப் போதும். அதனால் சிறு மின்னோட்டம் பிறக்கும்; அந்த மின்னோட்டத்தைப் புலச்சுருளுக்கே திருப்பினால் காந்தம் வலுக்கும்; மின்னோட்டம் மேலும் பெருகும். இரும்பு தெவிட்டுநிலையை நெருங்கும்போது வளர்ச்சி தணிந்து ஓரிடத்தில் நிற்கும்.

காந்தத் தயக்க வளைகோட்டைப் பாடத்தில் வரைகிறோம். புலத்தை நீக்கிய பின்னும் எஞ்சும் காந்தத்தைக் குறித்துக் காட்டுகிறோம். அது எதற்கு உதவும் என்று மாணவன் கேட்டால், நிலைக்காந்தம் செய்ய என்கிறோம். எஞ்சிய காந்தம் இல்லையேல் தானே எழும் மின்னியற்றி எழவே எழாது என்பதை அந்தப் பாடமும் சொல்வதில்லை; மின்னியற்றிப் பாடமும் சொல்வதில்லை. நடுவில் இருக்கும் கதவு மூடியே கிடக்கிறது.

கையில் உள்ள ஒரே பிடி

சுருளில் தூண்டப்படும் மின்னியக்கு விசை மூன்றைப் பொறுத்தது: சுற்றுகளின் எண்ணிக்கை, சுழலும் வேகம், காந்தப் பாயம். சுற்றுகளை ஆலையிலேயே சுற்றி முடித்துவிடுகிறார்கள். மின்தொகுப்பில் இணைந்த மின்னியற்றியின் வேகத்தையும் மாற்ற முடியாது. இரு முனைகள் கொண்ட சுழலி, 50 ஹெர்ட்சுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆகவேண்டும். எஞ்சுவது காந்தப் பாயம் ஒன்றே. அதைக் கூட்டிக் குறைக்கும் நேர்த்திசை மின்னோட்டத்தைக் கிளர்மின்னோட்டம் என்போம். மின்நிலையத்தார் எக்ஸைட்டேஷன் என்பார்கள்.

இது சிறிய மின்னோட்டம் அன்று. 200 மெகாவாட் அளவுள்ள அனல்மின் சுழலிக்குச் சில நூறு வோல்ட்டில் 2000 ஆம்பியருக்கு மேல் வேண்டியிருக்கும். ஆயினும் அதன் திறன், மின்னியற்றி தரும் திறனில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான். அந்த அரைப் பங்குதான் மீதி முழுவதையும் ஆள்கிறது.

பழுதுபார்ப்பில் இருக்கும் இயற்பியல்

இந்தக் கருவிகளை நிறுவுவதும் பேணுவதும் 'வெறும் கைவேலை', இயற்பியலுக்கு வெளியே உள்ளது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் எண்ணியிருந்தேன். சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

சுழலும் புலச்சுருளுக்கு மின்னோட்டம் கார்பன் தூரிகைகள் வழியே செல்கிறது. தூரிகையின் வில் தளர்ந்தால் தீப்பொறி. மிகவும் இறுகினால் தேய்மானம். இரண்டு வளையங்களும் ஒரே உலோகம், ஒரே வேகம். ஆயினும் ஒன்று மற்றதைவிட விரைவில் தேயும். மின்னோட்டம் ஒன்றில் நுழைகிறது, மற்றதில் வெளியேறுகிறது என்பதே வேறுபாடு. ஆகவே அவ்வப்போது முனைகளை மாற்றி இணைத்துத் தேய்மானத்தைச் சமன் செய்கிறார்கள். 1960களிலிருந்து பரவிய தூரிகையற்ற அமைப்பில் டயோடுகள் அச்சோடு சேர்ந்தே சுழலும். அங்கே தூரிகைத் தூள் இல்லை. ஆனால் ஒரு டயோடு பழுதானால் வெளியிலிருந்து எளிதில் தெரியாது.

புலச்சுருளின் சுற்றைத் திடீரென்று அறுக்கக்கூடாது. ஏன்? தன்மின்தூண்டல் பாடம் விடை சொல்கிறது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் நொடிப்பொழுதில் பூஜ்யமாக முயன்றால், மின்காப்பைத் துளைக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். எனவே சுற்றைத் திறக்கும்போதே ஒரு மின்தடையை இணைத்து, காந்தப்புலத்தில் சேமித்த ஆற்றலை வெப்பமாக வடியவிடுகிறார்கள். தேர்வில் நாம் கேட்கும் அரை எல் ஐ வர்க்கம் அங்கே ஒரு பெரிய மின்தடைப் பெட்டியாக நிற்கிறது.

இனித் தானியங்கிச் சீராக்கி. மின்னியற்றியின் மின்னழுத்தத்தை அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, குறைந்தால் கிளர்மின்னோட்டத்தைக் கூட்டுவதும் மிகுந்தால் குறைப்பதும் இதன் வேலை. அளக்கும் ஒயர் ஒன்று தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீராக்கி 'மின்னழுத்தம் இல்லை' என்று எண்ணிக் கிளர்மின்னோட்டத்தை ஏற்றும். மின்னழுத்தம் ஏறும், ஆனால் அதற்கு அது தெரியாது, மேலும் ஏற்றும். ஒரு திருகாணி தளர்ந்ததால் கட்டடம் முழுவதும் உள்ள விளக்குகளும் கருவிகளும் எரிந்துபோகலாம். பெரிய மின்நிலையங்களில் இதற்காகவே இரண்டு தனித்தனி அளவுச் சுற்றுகளை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். பின்னூட்டம் என்ற கருத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது?

'பயனற்ற' மின்னோட்டம்

நமது பாடத்தின் மிகப் பெரிய பிழை என்று நான் கருதுவது வேறொன்று. மின்னழுத்தத்துக்கு 90 பாகை பின்தங்கும் மின்னோட்டத்தைச் 'சுழித்திறன் மின்னோட்டம்' என்கிறோம். சராசரித் திறன் பூஜ்யம், வேலை செய்யாதது என்று சொல்லி முடிக்கிறோம். மாணவன் மனத்தில் அது பயனற்றது என்றே பதிகிறது.

உண்மையில் ஊரிலுள்ள மோட்டார்களும் மின்மாற்றிகளும் தம் இரும்பைக் காந்தமாக்க இந்த மின்னோட்டத்தையே கேட்கின்றன. இது மின்னியற்றியின் நிலைச்சுருளில் ஓடும்போது சுழலியின் காந்தப்புலத்தை எதிர்க்கும், மின்னழுத்தம் சரியும். சீராக்கி கிளர்மின்னோட்டத்தைக் கூட்டி அதை ஈடுகட்ட வேண்டும். ஆனால் சுழலிச் சுருளின் வெப்பத்துக்கு எல்லை உண்டு. இதற்கு மாறாக, நீண்ட மின்கம்பித் தடங்கள் குறைந்த பளுவோடு இருக்கும்போது மின்தேக்கிபோல் நடந்து மின்னழுத்தத்தை உயர்த்தும். அப்போது கிளர்மின்னோட்டத்தைக் குறைத்து, மின்னியற்றி அந்த மிகுதியை உள்வாங்க வேண்டும். மிகவும் குறைத்தால் சுழலி மின்தொகுப்போடு உள்ள பிணைப்பை இழந்துவிடும். இரு எல்லைகளுக்கு இடையேதான் நடை.

இந்த நடை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 ஒரு சான்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருந்த ஈஸ்ட்லேக் மின்நிலையத்தின் 5ஆம் எண் மின்னியற்றி, சரியும் மின்னழுத்தத்தைத் தாங்கத் தன் எல்லைவரை இந்த மின்னோட்டத்தைத் தந்துகொண்டிருந்தது. எல்லை மீறவே தானியங்கிச் சீராக்கி கைமுறைக்கு மாறியது. அதைத் திரும்பத் தானியங்கிக்குக் கொண்டுவர முயன்றபோது, பிற்பகல் 1.31க்கு, சுமார் 600 மெகாவாட் மின்னியற்றி தொகுப்பிலிருந்து கழன்றது. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். இந்த ஒரு நிகழ்ச்சியே முழுக் காரணம் என்று சொல்லக்கூடாது. கம்பித் தடத்தை மரங்கள் தொட்டதும், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைக் கணினி செயலிழந்ததும் சேர்ந்தே விபத்து விளைந்தது. ஆயினும் அந்த நாளின் வரலாற்றில் முன்வரிசையில் நிற்பது ஒரு மின்னியற்றியின் கிளர்வு எல்லை.

2025 ஏப்ரல் 28 அன்று நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் இருண்டன. அங்கே மின்னழுத்தம் சரியவில்லை, ஏறியது. ஏறியதால் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. கழன்றதால் மேலும் ஏறியது. மின்னழுத்தத்தை அடக்கப் பணிக்கப்பட்டிருந்த சில நிலையங்கள் எதிர்பார்த்த அளவுக்கு உள்வாங்கவில்லை என்று ஸ்பெயின் அரசின் அறிக்கை கூறியது. மின் நிறுவனங்கள் அதை மறுத்தன. யார் பொறுப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமது பாடம் 'வேலை செய்யாதது' என்று ஒதுக்கிய மின்னோட்டத்தைப் பற்றித்தான் அரசும் மின் நிறுவனங்களும் வாதிட்டன.

பாடநூலாருக்கு ஒரு வார்த்தை

பாடநூல் எழுதுவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. 'அடிப்படைத் தத்துவத்தைச் சொல்வதே எங்கள் பணி. இயந்திர விவரங்களைப் பொறியியல் கல்லூரி பார்த்துக்கொள்ளும்' என்பார்கள். லாடக் காந்தத்தோடு தொடங்குவது சரியே. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் தவறு. மேலே நான் சொன்னவற்றில் புதிய தத்துவம் எது? தூண்டல், தன்மின்தூண்டல், காந்தத் தயக்கம், கட்ட வேறுபாடு எல்லாம் பாடத்தில் ஏற்கெனவே இருப்பவை. அவை தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவரக் கூடுதலாக இரண்டு பக்கம் போதும். மாணவர்களில் பெரும்பாலோர் பொறியியல் கல்லூரிக்குப் போவதுமில்லை. ஐ.டி.ஐ. முடித்து நாளை ஜெனரேட்டர் அறையில் நிற்கப்போகிறவரும் அவர்களில் உண்டு.

செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கார் ஆல்டர்னேட்டர் கிடைக்கும். அதன் சீராக்கியைக் கழற்றிவிட்டு, ஒரு மோட்டாரால் மாறாத வேகத்தில் சுழற்றுங்கள். பேட்டரி, மாறுமின்தடை, அம்மீட்டர் வழியே புலச்சுருளுக்குச் சிறிது சிறிதாக மின்னோட்டம் கொடுத்து, வெளிவரும் மின்னழுத்தத்தை அளந்து வரைபடம் போடுங்கள். மின்னோட்டம் பூஜ்யமாக இருக்கும்போதே எஞ்சிய காந்தத்தால் சிறிது மின்னழுத்தம் தெரியும்; பிறகு நேர்கோடு; பிறகு தெவிட்டுநிலையின் வளைவு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். அன்று கேள்வி கேட்ட மாணவியே வரைபடத்தை வரைந்தாள். பூஜ்யத்தில் தொடங்காத அந்தக் கோட்டைக் காட்டி, "இதுதானே சார் அன்றைக்குச் செத்துப்போனது?" என்றாள்.

இந்த ஆண்டிலிருந்து கரும்பலகையில் லாடக் காந்தத்தை வரைந்ததும், அதன்மேல் ஒரு சுருளைச் சுற்றி, ஒரு பேட்டரியையும் மாறுமின்தடையையும் சேர்த்து வரைகிறேன். படத்துக்கு அரை நிமிடம் கூடுதலாகிறது. விளக்கத்துக்கு இரண்டு வகுப்புகள் ஆகின்றன. அந்த இரண்டு வகுப்புகளை நமது பாடத்திட்டம் கொடுக்க வேண்டும்.