ஓசையில் அகப்படும் பிணி

ஸ்பார்க் பிளக் என்ற சாதனமே இன்றி, அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணத்தினாலேயே எரிபொருளைப் பற்றவைத்துக்கொள்ளும் டீசல் எஞ்சின், நின்ற இடத்திலேயே வண்டியை உதறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு அரைமனதாக இழுக்கத் தொடங்கும்போது, அதன் வியாதியைக் காதினாலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக்கின் சாமர்த்தியம், சுருதிபேதத்தை உணரும் சங்கீத ரசிகனின் ஞானத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பழைய பிக்கப் வண்டியானால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் அவர் ஸ்பேனரால் சற்றே தளர்த்துகிறார். டீசல் வெளியே கசிந்து, ஓட்டம் மேலும் கெட்டால் அந்தச் சிலிண்டர் நிரபராதி. தளர்த்தியும் சப்தத்தில் யாதொரு மாறுதலும் இல்லையென்றால், மற்றவை உழைக்க, அதுவரை சும்மா இருந்த சோம்பேறி அதுவே. நட்டின் விளிம்பில் நுரை பொங்கினாலோ, நாசிலைப் பழிப்பதற்கில்லை. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தோ கிளிப் தளர்ந்தோ லைன் ஏர் இழுக்கிறது. (அடைபட்ட ஃபில்டரை மாற்றாமலே பம்பைக் கழற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதிருப்பது நலம்.)

இக்காலத்துக் காமன் ரெயில் எஞ்சினில் இந்த வித்தை கூடவே கூடாது: 1,000 பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், அங்கே ஸ்கேனரைச் செருகுவதே உசிதம்.