குசேலர் கற்ற கல்வி: குசேலோபாக்கியானத்தை முன்வைத்துப் பயனும் இன்பமும்

கல்வி பயன் கருதியதா, இன்பம் கருதியதா என்னும் வினாவிற்குத் தமிழிலக்கிய ஆய்வுலகம் பெரும்பாலும் ஒரு காலவரிசையையே விடையாகத் தந்து வந்துள்ளது. முன்னோர் இன்பத்திற்காகக் கற்றனர், இன்றையோர் பிழைப்பிற்காகக் கற்கின்றனர் என்பது அவ்விடை. கருத்தரங்க மேடைகளில் எளிதில் கைதட்டல் பெறும் இக்கூற்றுக்குச் சான்றாகத் திருக்குறளின் கல்வி அதிகாரத்தைக் காட்டுவர். மகிழக் கூடி, மீண்டும் காண்பது எப்போது என்று நினைக்குமாறு பிரிதலே புலவர் தொழில் என்னும் குறள் அதில் உள்ளது. தமக்கு இன்பம் தருவது உலகிற்கும் இன்பம் தருதலைக் கண்டு கற்றவர் மேலும் கற்க விரும்புவர் என்னும் குறளும் உள்ளது. ஆயின் அதே அதிகாரம் எண்ணையும் எழுத்தையும் உயிர்வாழ்வார்க்குக் கண் என்கிறது. கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாகும் என்று முழுக்க உலகியல் சார்ந்த நன்மை ஒன்றையும் பேசுகிறது. அவ்வதிகாரம் பொருட்பாலின் அரசியலில், இறைமாட்சியை அடுத்து வைக்கப்பட்டுள்ளமையும் நோக்கத்தக்கது. புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் இதனை இன்னும் ஒளிவின்றிக் கூறுகிறான். பெற்ற தாயின் மனமும் கற்ற மகன் பக்கமே சாயும் என்பது அவன் கண்ட உலகியல். ஆகவே முன்னோர் பயன் கருதிலர் என்பது பனுவல்களால் நிறுவப்பெறாத கூற்றாகும்.

இவ்வினாவைப் பனுவலுக்குள் மட்டும் வைத்துப் பார்ப்பதினும், தமிழ்க்கல்வி உலகியற் பயன் தாராத ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். பெங்களூரின் பிரேசர் டவுன் அத்தகைய இடம். 1809இல் பெங்களூரில் அமைந்த ஆங்கிலேயர் படைக்குடியிருப்பாகிய தண்டுப் பகுதிக்குப் படையினராகவும் வணிகராகவும் கட்டடத் தொழிலாளராகவும் வீட்டுப் பணியாளராகவும் தமிழர் திரளாக வந்து குடியேறினர். 1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர் நெருக்கடி குறைக்க உருவான புதிய குடியிருப்புகளுள் பிரேசர் டவுனும் ஒன்று. அதற்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் பிரேசர், மைசூர் ரெசிடெண்ட் ஆவதற்கு முன் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்தவர். எனினும் அப்பெயர் ஆசிரியப் பணிக்காக அன்றிப் பதவிக்காகவே இடப்பட்டது எனக் கொள்வது பொருந்தும். பின்னாளில் புலிகேசி நகர் என்னும் பெயர் பெற்ற இப்பகுதியில் தமிழ் இன்றும் வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்குகிறது. ஆட்சிக்குக் கன்னடமும் வேலைக்கு ஆங்கிலமும் வேண்டும். தமிழ் எழுத்தை அறிந்திருப்பதால் அங்கு ஒருவர் பெறும் பணியிடம் மிகச் சிலவே. எனவே தமிழைக் கற்க வேண்டும் என்போர், அதன் சுவையையும் தொன்மையையும் பேசுவதன்றி வேறு வழியற்றவராகின்றனர். கல்வி அதிகாரத்தை இயற்றிய வள்ளுவரின் சிலை அருகிலுள்ள அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்நிகழ்விற்காகத் திரண்ட உணர்ச்சி பெரிது. அக்குறள்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளின் தொகை பற்றிய பேச்சு அந்த அளவு எழவில்லை.

தமிழ் இன்பத்திற்காக மட்டுமே கற்கப்பட்ட நிலை இந்நகருக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெங்களூரில் வாழ்ந்த செல்வராகிய வல்லூர் தேவராச பிள்ளை அதற்குச் சிறந்த சான்றாவார். பொருளீட்டத் தமிழ் வேண்டாத ஊரில் இருந்துகொண்டு, தமிழ் கற்கும் விருப்பத்தால், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815-1876) அவர் வரவழைத்துத் தம்மிடத்தில் தங்கச் செய்து பாடங்கேட்டார். இவ்வரலாற்றை உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். தேவராச பிள்ளை பெயரால் வெளிவந்த குசேலோபாக்கியானம் மகாவித்துவானின் வாக்கே என்னும் கருத்தும் அப்பதிவின் வழியே நிலைபெற்றது.

இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இச்செய்தியை ஒரு வியப்பாகவோ, மகாவித்துவானின் வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகவோ கூறிக் கடந்துவிடுகின்றனர். இந்நூல் தோன்றிய சூழலையும் நூலின் பொருளையும் சேர்த்து நோக்குதல் அரிது. அவ்வாறு நோக்கும்போதுதான் இந்நூலின் உண்மையான கூர்மை வெளிப்படுகிறது.

குசேலர் கதை பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் உள்ளது. சாந்தீபினி முனிவரிடம் கண்ணனும் குசேலரும் ஒருசாலை மாணாக்கர். இருவரும் கற்றது ஒரே கல்வி. ஒருவர் துவாரகையின் வேந்தரானார். மற்றவர் மனைவி சுசீலையோடும் இருபத்தேழு மக்களோடும் வறுமையில் உழன்றார். ஆக, கல்வியின் பயன் கல்வியிலேயே அடங்கியுள்ளதா என்னும் ஐயம் கதையமைப்பிலேயே பதிந்துள்ளது. தமிழ்நூல் இவ்வையத்தைக் கணவன் மனைவியரின் உரையாடலாக விரிக்கிறது. ஒரு குழந்தைக்கு ஊட்டும்போது இன்னொரு குழந்தை கைநீட்டும் வீட்டுக் காட்சி தமிழ் வாசகர் நன்கறிந்தது. அக்காட்சிக்கு நடுவே நின்று பேசும் சுசீலையின் சொற்கள் பேராசையின் சொற்கள் அல்ல. கற்ற கல்வியும் பெற்ற நட்பும் பிள்ளைகளின் பசிக்கு உதவாதா என்றே அவள் கேட்கிறாள். உரைகள் பலவும் குசேலரின் பற்றின்மையைப் புகழ்ந்து சுசீலையை உலகியல் சார்ந்தவளாகக் குறுக்குவது ஏற்கத்தக்கதன்று. அவளது வினாவின்றி அவர் துவாரகைக்குப் புறப்பட்டிரார். அவள் முடிந்து தந்த அவலின்றிக் கண்ணனின் அன்பு வெளிப்பட வாயிலும் இராது.

குசேலரின் மறுமொழியில் இரத்தலின் இழிவைப் பேசும் பகுதி இந்நூலின் உச்சம் எனலாம். பல்லைக் காட்டி, முகத்தில் துயரத்தை வருவித்து, சொல்லவேண்டியவற்றையெல்லாம் சொல்லி, இரு கையும் விரித்து, மானத்தைக் கொன்று வீடுதோறும் நிற்கும் இரவலனின் உடலை அப்பாடல் உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. அடுக்கடுக்காக வரும் இயைபு, ஓசையின்பம் தரும் அதே வேளையில் இரப்பவனின் தொடர்ந்த மன்றாட்டைப் போலவும் ஒலிக்கிறது. இன்று இப்பாடல் நீதிப்பாடல் என்னும் அளவில் தனியே எடுத்தாளப்படுகிறது. யார் எழுதியது, யார் பெயரில் வெளிவந்தது என்பதோடு சேர்த்துப் படித்தால் அது வெறும் நீதியாக நில்லாது. மகாவித்துவான் வாழ்நாள் முழுதும் மாணாக்கரிடம் பொருள் வாங்காமல், பலருக்கு உணவும் அளித்துப் பாடஞ்சொன்னவர். மடங்களின் ஆதரவிலும் செல்வர் தந்த பரிசிலிலும் வாழ்ந்தவர், கடனால் வருந்தியவர். அத்தகையவர் ஒரு செல்வரிடம் தங்கியிருந்த காலத்தில் இரத்தலைப் பாடுகிறார். பாடலோ கொடுப்பவர் பெயரில் வெளிவருகிறது. ஈவோன் தன் வாயாலேயே ஈகையை நாடி நிற்பவனின் மானத்தைப் பேசும்படி நேர்ந்த இம்முரண், ஆசிரியர் கருதியே அமைத்தது என நிறுவ இயலாது. ஆயினும் பனுவலில் அது உள்ளது.

இங்குப் பயனும் இன்பமும் இருவர்க்குப் பங்கிடப்பட்டமை தெளிவாகிறது. மாணாக்கர் இன்பம் பெற்றார். ஆசிரியர் பெரும்பொருள் பெற்று ஊர் திரும்பினார். ஒருவரது இன்பத்தை மற்றவரது பிழைப்புத் தாங்கியது. இன்பத்திற்காகக் கற்ற பொற்காலம் என்று இன்று போற்றப்படுவதன் அடியில் இவ்வாறு ஒரு வரவுசெலவு இருந்தது. அது இழிவானதன்று, மறைக்கப்படுவதே இடர்.

உ.வே.சாமிநாதையர் வாழ்விலும் இதே வினா எழுந்தது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், அவர் அடுக்கிய அந்தாதி, பிள்ளைத்தமிழ் நூல்களின் பெயர்களைக் கேட்டுவிட்டு, இவற்றால் பயன் என்ன என்னும் கருத்தில் வினவியமை பலரும் அறிந்ததே. அவ்வினாவே சீவகசிந்தாமணியை நோக்கி அவரைத் திருப்பியது. 1887இல் அந்நூல் அச்சேறியது. பயன் பற்றிய வினா இன்பத்தைக் கெடுக்கும் என்பார்க்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. அப்போது உ.வே.சா. கல்லூரி ஊதியம் பெற்ற தமிழாசிரியர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவ்வெளிச்சத்தில் பிரேசர் டவுனின் இன்றைய நிலையை நோக்கலாம். தண்டுத் தமிழரின் வழித்தோன்றல்களுள் தமிழைத் தெளிவுறப் பேசி, எழுத்தை அறியாத பிள்ளைகள் பலர். அவர்களைப் பயன்மொழிகளை நாடிச் சென்றவர் எனப் பழிப்பது நெடுஞ்செழியன் சொன்ன உலகியலை அறியாமை. அவர்களுக்குத் தமிழ் இன்பத்திற்காகவேனும் எஞ்சும் என ஆறுதல் கூறுவதும் பொருந்தாது. குசேலோபாக்கியானத்தின் ஓசையைச் சுவைக்க எழுத்து வேண்டும். எழுத்துப் பயன் என்னும் வரிசையைச் சேர்ந்தது. வள்ளுவர் அதனைக் கண் என்றாரே அன்றி அணி என்றாரில்லை. பயன் நீங்கியபின் இன்பம் தனித்து நிற்கும் என்னும் நம்பிக்கை ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும். பயன் இருந்த காலத்தில் எழுத்தைக் கற்றவர் சுவைத்துக்கொண்டிருப்பர். அவர் பிள்ளைகளுக்கு அவ்வாயில் அடைபட்டிருக்கும்.

இந்நிலையை மாற்ற விடுமுறை நாள் வகுப்புகளைத் தன்னார்வலரே நடத்துவது தமிழகத்திற்கு வெளியே பல ஊர்களிலும் காணப்படும் வழக்கம். அவர்தம் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் தமிழ் கற்பித்தலைத் தொண்டு என்று மட்டுமே பெயரிட்டு அதற்கு ஊதியம் என்னும் சொல்லையே கூச்சத்தோடு விலக்குவது, ஆசிரியரை மீண்டும் இரவலர் வரிசையில் நிறுத்துவதாகும். இவ்வகையில் பெங்களூரின் பழைய செல்வர், அவரைக் குறைகூறும் இக்காலத்தவரினும் தெளிவுடையவர். தமக்கு வேண்டிய இன்பத்திற்கு விலை உண்டென அறிந்து அதனை அவர் கொடுத்தார். தேவராச பிள்ளை அளித்த பொருளை நூலுக்குத் தம் பெயர் பெற்றதன் விலையாகவே இலக்கிய வரலாறு பேசிவருகிறது. நாள்தோறும் உடனிருந்து பாடஞ்சொன்ன ஓர் ஆசிரியரின் ஊதியமாக அதனைக் கணக்கிட்டுப் பார்த்தோர் அரியர்.