துடியும் துடிப்பும்

‘துடிப்பான’ என்னும் பெயரடை அன்றாட உரைநடையிற் படும் பாட்டை ஆராய்வது இக்கட்டுரை. கல்லூரி விழா அழைப்பிதழில் தலைவர் துடிப்பானவர். தேர்தற் சுவரொட்டியில் வேட்பாளர் துடிப்பானவர். அண்மையில் எம் முதுகலை மாணவரிடம், திருச்சிராப்பள்ளிக் காந்தி சந்தையின் விடியற்காலையைக் குறித்து ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தோம். பெரும்பாலான தாள்களிற் சந்தை துடிப்பாகவே இருந்தது. மூட்டை இறக்குவோரின் தலைத்துண்டும், வாழைத்தார்க் காம்பில் வடியும் பாலும் ஒரே தாளில் இடம்பெற்றன. அத்தாளில் இவ்வடை இல்லை.

துடித்தல் என்னும் வினையின் வழக்கை முதலில் நோக்குவோம். நாடி துடிக்கிறது, இமை துடிக்கிறது, சினத்தால் உதடு துடிக்கிறது, கரையில் இட்ட மீன் துடிக்கிறது, மகவை இழந்த தாய் துடிக்கிறாள். இங்கெல்லாம் துடிப்பது இன்னதென்பது தெளிவு. அதனைத் தானே நிறுத்திக்கொள்ள இயலாதென்பதும் தெளிவு. ‘துடிப்பான இளைஞர்’ என்னுமிடத்தோ துடிக்கும் உறுப்பும் இல்லை, துடித்தற்குரிய காரணமும் இல்லை. சொல் பொருள் மாறுதல் இயல்பே எனச் சிலர் கூறலாம். நாற்றம் என்னும் சொல் நறுமணத்தை விட்டுத் தீநாற்றத்தைக் குறித்தபோது ஒரு பொருள் போய் மற்றொரு பொருள் வந்தது. இங்கே போனதுண்டு, வந்தது யாது?

மக்கள் வழக்கில் ‘துடியான’ என ஓர் அடை உண்டு. உறையூர் வெக்காளியம்மனையும் சமயபுரம் மாரியம்மனையும் துடியான தெய்வம் என்பர். வேண்டியதை உடனே தரும், பிழை செய்யின் உடனே ஒறுக்கும் என்பது கருத்து. அருளும் அச்சமும் அவ்வொரு சொல்லில் ஒருங்கே நிற்கின்றன. துடியான பிள்ளை என்றாலோ தாயின் ஒரு கண் எப்போதும் அதன்மேல் இருத்தல் வேண்டும். எழுத்தறியா மூதாட்டியின் அடைக்கு இத்துணைத் திட்பம் இருக்க, பட்டம் பெற்றோர் எழுதும் அடைக்கு அஃது இல்லாமை வியப்பே.

உரியியலில் ஆசிரியர் தொல்காப்பியனார் மழ, குழ என்பவற்றை இளமைக்கும், கதழ்வு, துனைவு என்பவற்றை விரைவுக்கும், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்பவற்றை அரவத்துக்கும் உரியவாக்கினார். இளமை, விரைவு, அரவம் ஆகிய மூன்றையும் இன்று நாம் ‘துடிப்பான’ என்னும் ஒரு முளையிற் கட்டியிருக்கின்றோம். பழஞ்சொற்களை மீட்டெடுங்கள் என்பதன்று எம் வாதம். கதழ்வான சந்தை என எவரேனும் எழுதினால் யாமே நகுவோம். வேறுபாடு காணும் கண் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

திறனாய்வாளரும் இதற்கு விலக்கல்லர். திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்ற சுஜாதாவின் நடையை ‘விறுவிறுப்பானது’ எனக் கூறாதார் அரியர். விறுவிறுப்பும் துடிப்பின் உடன்பிறப்பே. மிளகு நாவில் விறுவிறுக்கும். விடம் உடலில் விறுவிறுவென ஏறும். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் அவ்விரைவு எவ்வாறு பிறக்கின்றது? வருணனையைச் சுருக்கி வினைமுற்றுக்களை அடுக்குவதாலும், பேசுவோர் இன்னார் என மீண்டும் மீண்டும் கூறாது உரையாடலை ஓடவிடுவதாலும், சித்திரை வீதியின் பேச்சை வீட்டுத் திண்ணையிற் கேட்டவாறே இறக்குவதாலும் பிறக்கின்றது என்பது எம் துணிபு. விறுவிறுப்பைத் தரும் அவ்வாசிரியர் அடைகளிற் சிக்கனமானவர். அவரைப் புகழ்வோர் ஓர் அடையோடு ஆய்வை முடித்துக்கொள்கின்றனர்.

பிறரைக் குறை கூறுமுன் எம் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் புரட்டிப் பார்த்தோம். மூன்றாம் இயலில் ஒரு புதினத்தின் உரையாடலைத் ‘துடிப்பானது’ என எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றிருக்கின்றோம். எவர் பேசினார், எவர் இடைமறித்தார், எங்கே வாக்கியம் முற்றுப்பெறாது நின்றது என்பன அங்கே ஆராயப்பெறவில்லை. தேர்வாளர் மூவரும் அதனைக் கேட்கவில்லை.