அளவையியலும் மனனமும்: உயர்தர வகுப்பிற் சிந்தனைப் பயிற்சி குறித்து ஒரு நோக்கு

க.பொ.த. உயர்தரக் கலைத்துறைப் பாடங்களுள் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' ஒன்றாகும். பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவனுக்குச் சிந்திக்கும் முறையையே பாடமாக வகுத்துத் தருவது அது. ஆயினும் நடைமுறையில் அப்பாடமும் மனனத்திற்கு உரியதாகவே மாறிவிட்டது. நியாயத்தொடையின் விதிகளும் போலிகளின் பெயர்களும் பட்டியல்களாக ஒப்புவிக்கப்படுகின்றன. எக்கருதுகோளும் மறுப்புக்கு இடங்கொடுத்து நிற்றல் வேண்டும் என்ற கார்ல் பொப்பரின் கொள்கைகூட எவ்வித மறுப்புமின்றிக் குறிப்பேட்டில் எழுதப்படுகின்றது. இம்முரண்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

குறை பாடத்தில் மட்டும் இருப்பதன்று. பாடங்களுக்கிடையே எழுப்பப்பட்ட சுவரிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது. அளவையியல் வகுப்பிற் போலியை இனங்காணும் மாணவன், அடுத்த பாடவேளையில் தமிழ் இலக்கிய வகுப்பில் அதே போலியை விடையாக எழுதிப் புள்ளி பெறுகின்றான். 'சங்ககாலம் பொற்காலம், ஏனெனில் அக்காலத்து மன்னர் புலவரைப் பேணினர்' என்ற பழகிய கூற்றை எடுத்துக்கொள்வோம். இதில் ஓர் எடுகூற்று மறைந்து கிடக்கின்றது. மன்னர் புலவரைப் பேணும் காலமெல்லாம் பொற்காலம் என்பதே அது. அதனை வெளிக்கொணர்ந்து எழுதிய மாத்திரத்தே மாணவனுக்கு ஐயம் எழும். யாருக்குப் பொற்காலம்? பேணினர் என்பதற்குச் சான்று எது? பேணப்பட்டோரின் பாடல்களே பெரும்பாலும் சான்றாயின், அச்சான்றின் நிறை எத்தகையது?

அடுத்து, நூலிடமே செல்லுதல் வேண்டும். கொடையைப் போற்றும் அதே புறநானூற்றில், பெருஞ்சித்திரனார் தம் வீட்டுப் பசியையும் பாடியுள்ளார். பாரியின் பறம்பை மூவேந்தர் முற்றிய செய்தியும் அங்கேயே உளது. பொது விதியொன்றைத் தகர்க்க எதிர்ச்சான்று ஒன்றே போதும் என்று அளவையியலிற் கற்றது இங்கே உயிர் பெறுகின்றது.

இவ்விடத்து முற்போக்காளராகிய நாமும் நம்மை நோக்குதல் தகும். பொற்காலம் என்ற முடிவு நிறுவப்படவில்லை என்பதனால் இருண்ட காலம் என்பது நிறுவப்பட்டதாகாது. முந்திய தலைமுறையின் புகழுரைக்குப் பதிலாக 'வர்க்க முரண்பாடு', 'சமூகப் பின்னணி' ஆகிய தொடர்களை மாணவன் ஒப்புவிப்பானாயின், மாறியது மனனப் பொருளேயன்றி மனனம் அன்று. விமர்சன நோக்கு தானும் வாய்பாடாக இறுகும்போது விமர்சனமாக இராது.

இப்பழக்கத்திற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறல் பொருந்தாது. 2001 தொடக்கம் இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி நடைபெறுகின்றது. தசமத்தின் கடைசித் தானங்களும் ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாம். இத்தகைய போட்டியில், எதிர்பார்க்கப்படும் விடையினின்று விலகத் துணிவோர் சிலரே. நூலகமும் போதிய ஆசிரியரும் அற்ற பாடசாலை மாணவனுக்கு ரியூசன் குறிப்பே ஒரே துணையாகவும் அமையலாம். அதனைப் பறித்துவிட்டுச் 'சுயமாகச் சிந்தி' எனல் அறமாகாது. வசதி படைத்தோர் வினவக் கற்க, ஏனையோர் ஒப்புவிக்கக் கற்பது, 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் நோக்கத்திற்கே மாறானது.

வினவுதல் நமது மரபிற்கு அந்நியமானதென்பாரும் உளர். மணிமேகலையின் 29ஆம் காதை அளவைகளையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் உடன்படலுக்கு அடுத்தே மறுத்தலும் இடம்பெறுகின்றது. இவற்றையும் நாம் பெயர்ப் பட்டியல்களாகவே கற்பித்து வந்துள்ளோம்.

செய்யத்தக்கது பெரிய சீர்திருத்தமன்று. வாரம் ஒரு பாடவேளையில் அளவையியல், தமிழ், வரலாறு ஆகியவற்றின் ஆசிரியர் கூடி, ஒரே கூற்றை மாணவர் முன் வைக்கலாம். மறைந்த எடுகூற்று யாது, சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்ற மூன்று வினாக்கள் போதும். வினாப்பத்திரத்திலும், தரப்பட்ட ஒரு முடிவை மறுத்தோ திருத்தியோ எழுதுமாறு கேட்கும் வினா ஒன்றேனும் இடம்பெறுதல் வேண்டும். புள்ளி வழங்கப்படாத திறன் வகுப்பறையில் நிலைக்காது. முடிவுக்கன்றி, முடிவை அடைந்த வழிக்குப் புள்ளி வழங்கப்படும் நாளிலேயே, அளவையியல் ஏனைய பாடங்களுக்கும் ஒளி தரும் பாடமாகும்.