தடையும் மாயமும்: விக்டோரியா காலக் காதற் புதினங்களில் இயற்கை இறந்த கூறுகள்

பேயும் மாயமும் விரவிய காதற் புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் எனக் கற்றோர் பலர் ஒதுக்குவர். ஆயினும், ஒரு வகை நூல் பன்னெடுங்காலம் பலர் நெஞ்சைப் பிணித்து நிற்குமாயின், அப்பிணிப்பின் காரணத்தை ஆராய்தல் திறனாய்வாளர் கடனாம். விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரையிலானது. அக்காலம் கழிந்து நூறாண்டிற்கு மேலாகியும், அதனையே நிலைக்களனாகக் கொண்டு இத்தகைய புதினங்கள் எழுதப்பெற்று வருகின்றன. காதலுக்கும் மாயத்திற்கும் வேறு காலங்கள் இலவோ? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் மாயத்தை நோக்குவோம். விக்டோரியா காலம் அறிவியல் ஓங்கிய காலம். அதனோடு ஐயம் மிகுந்த காலமும் ஆகும். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் 1859-இல் வெளிவந்தது. 1863-இல் இலண்டனில் நிலத்தடி இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. அதே நகரில், கற்றோரும் செல்வரும் இருட்டறையில் கூடியமர்ந்து, இறந்தார் ஆவியை அழைத்துப் பேச முயன்றனர். அத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்தற்கென்றே 1882-இல் அங்கு ஒரு கழகம் தோன்றியது. ஆதலின், அக்காலச் சூழலில் தோன்றும் பேய், முழுதும் நம்பத்தக்கதாகவும் இல்லை. முழுதும் நகைக்கத்தக்கதாகவும் இல்லை. நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் இடையே நிற்கும் இந்நிலை கதையாசிரியனுக்குப் பெருந்துணையாகின்றது.

இனிக் காதலை நோக்குவோம். காப்பும் அலரும் இற்செறிப்பும் இல்லையேல் களவொழுக்கச் செய்யுட்கள் பெரிதும் சுவை குன்றும் என்பதை அகப்பொருள் பயின்றார் அறிவர். தடையே காதலின் ஆழத்தைப் புலப்படுத்தும் கருவி. மணமும் மணவிலக்கும் பெரும்பாலும் தனியொருவர் விருப்பமாகிவிட்ட இன்றைய மேலைநாட்டுச் சமுதாயத்தில், காதலரைப் பிரிக்கும் வலிய தடையைக் கதையாசிரியர் தேடிப் பெற வேண்டியுள்ளது. விக்டோரியா கால உயர்குடி வாழ்விலோ அத்தடை வாயில்தோறும் நின்றது. மணமாகாத மங்கை ஆடவனோடு தனித்துரையாடலே பழிக்கு இடமாயிற்று. எனவே, ஒரு மடலும் ஒருமுறை கை தீண்டலும் பெரும்பொருள் பெற்றன. மாயமோ அத்தடையை எல்லைக்கே கொண்டு செல்கின்றது. வழக்கம் தளரலாம், சட்டம் மாறலாம், சாவும் சாவாமையும் மாறா. வழக்கத்தால் அமைந்த தடையும் மாயத்தால் அமைந்த தடையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதே இப்புதினங்களின் கவர்ச்சிக்கு அடிப்படை எனலாம்.

இவ்வமைப்பின் வேர் அக்கால நூல்களிலேயே உண்டு. எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' 1847-இல் வெளிவந்தது. அதன் கதை நிகழ்வதோ விக்டோரியா ஆட்சிக்கு முற்பட்ட காலத்தில். குடிப்பெருமை கருதி எட்கர் லிண்டனை மணந்த காத்தரின், இறந்தபின் பழைய மனையின் பலகணிக்கு வெளியே நின்று உள்ளே விடுமாறு இரக்கின்றாள். மணவாழ்வு தேடித்தந்த மதிப்பு அவளுக்குப் புகலிடம் ஆகவில்லை என்பதை அப்பேயுருவம் உணர்த்துகின்றது. 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராக்குலா'வில், குருதி உண்ணும் பேய் வீட்டார் ஒருவர் அழைத்தாலன்றி முதன்முறை உட்புக இயலாது. அந்நூலில் லூசி என்னும் மங்கையைக் காக்க நால்வர் தம் குருதியை அவள் உடலில் செலுத்துகின்றனர். அவளை மணக்க இருந்த ஆர்தர், தன் குருதி கலந்தமையால் அவள் தனக்கு மனைவியே ஆயினாள் எனக் கருதுகின்றான். ஏனைய மூவரும் தாம் குருதி ஈந்ததை அவனிடம் மறைக்கின்றனர். வெளிப்படப் பேசலாகாத ஒன்றை மாயம் பேசவைக்கும் திறம் இங்குப் புலனாகும்.

பிற்காலத்தார் இம்மரபை எவ்வாறு கையாண்டனர்? காசாண்டிரா கிளேர் 2010 முதல் 2013 வரை வெளியிட்ட 'தி இன்பெர்னல் டிவைசஸ்' என்னும் மூன்று நூல்களின் களம் 1878-ஆம் ஆண்டின் இலண்டன். தன்னை விரும்புவோர் இறப்பர் என்னும் சாபத்திற்கு அஞ்சி, வில் என்னும் இளைஞன் அனைவரையும் வெறுத்தொதுக்குவான்போல் நடிக்கின்றான். அச்சாபம் பொய்யென்பது பின்னரே தெரிகின்றது. தடை வெளியில் இல்லை, அச்சத்தில் உள்ளது எனக் காட்டும் இப்பகுதி சிறப்புடையது. பெண்ணொருத்தி தலைமை ஏற்றலை ஆடவர் ஐயுறுதலும் காலத்திற்கு இயைய அமைந்துள்ளது. ஆயினும், கதையின் பெருஞ்சிக்கல்களை ஆக்குவனவும் தீர்ப்பனவும் சாபமும் நோயும் சாவாமையுமே. காலத்தின் உண்மையான கட்டுகள் பின்னே ஒதுங்கிவிடுகின்றன.

இங்கே திறனாய்வாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 1870-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தில் மணமான பெண் உழைத்து ஈட்டிய ஊதியமும் சட்டப்படி கணவனுக்கே உரியதாயிற்று. அவள் சொத்து அவளுக்கே உரியது என்னும் நிலையை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே நன்கு நிறுவியது. அக்காலத்து நாணமும் அடக்கமும் இவ்விலங்கின் மறுபுறம். சாபம் ஒன்றே தடையெனக் கதை கூறுமாயின், விலங்கு அணிகலன்போல் தோன்றும். தாம் சுமவாத தளையின் அழகை மட்டும் நுகர்ந்து படிப்போர் மகிழ்வர். கவர்ச்சியின் குறை ஈண்டே உள்ளது.

அக்குறையையே பொருளாக்கிக் கொண்ட நூல் சாரா வாட்டர்ஸ் 1999-இல் வெளியிட்ட 'அஃபினிட்டி'. 1874-இல் இலண்டன் மில்பேங்க் சிறைக்குப் பார்வையாளராகச் செல்லும் மார்கரெட் என்னும் மணமாகாத மங்கை, அங்குள்ள ஆவியழைப்பாளி செலினாவிடம் காதல் கொள்கின்றாள். அறையில் மலர் தோன்றுகின்றது. அதனை ஆவி கொணர்ந்ததென அவள் நம்புகின்றாள். படிப்போரும் நம்ப விழைகின்றனர். இறுதியில், அனைத்தும் அவள் வீட்டுப் பணிப்பெண் செலினாவோடு கூடிச் செய்த சூழ்ச்சியென வெளியாகின்றது. கண்ணெதிரே நடமாடிய பணிப்பெண்ணை மார்கரெட் ஒரு பொருளாக எண்ணியதில்லை, படிப்போரும் எண்ணியதில்லை. காணாத ஆவியை நம்பிய உள்ளம், கண்ட மனிதரைக் காணவில்லை. மாயத்தின் கவர்ச்சியை முழுதும் அளித்து, அக்கவர்ச்சி எதனை மறைத்தது என்பதையும் இந்நூல் உணர்த்துகின்றது.

தொகுத்து நோக்குழி, இப்புதினங்களின் கவர்ச்சி அச்சத்தினின்று பிறப்பதன்று. தடையால் பொருள் பெறும் காதலினின்று பிறப்பது என்பது தெளிவாகும். மாயம் இடம்பெறுதல் குற்றமன்று. மக்கள் சமைத்த தளைக்கு அது உருக்கொடுக்கின்றதா, அத்தளையை மூடி மறைக்கின்றதா என்பதே இவ்வகை நூல்களை மதிப்பிடற்குரிய அளவுகோல். உருக்கொடுக்கும் நூலே இலக்கியமாக நிற்கும் எனத் துணியலாம்.